எடைமேடை கணினிக்கும் ஆபீஸ் சர்வருக்கும் நடுவே உண்மையான வேகம் எவ்வளவு? ஐபெர்ஃப்3 வைத்து அளப்பது எப்படி?

கூழ்ஆலை_கிருஷ்ணகிரி

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆபீசில் உபுண்டு 22.04 சர்வர் ஒன்று. கேட்டை ஒட்டிய எடைமேடை அறையில் விண்டோஸ் 10 கணினி ஒன்று. இரண்டுக்கும் நடுவே சுமார் 220 மீட்டர் என்பதால் ஃபைபர் இழுத்திருக்கிறது. வரிசை இப்படி:

சர்வர் → 8 போர்ட் கிகாபிட் சுவிட்ச் → மீடியா கன்வெர்ட்டர் → ஃபைபர் → மீடியா கன்வெர்ட்டர் → 5 போர்ட் கிகாபிட் சுவிட்ச் → எடைமேடை கணினி

மீடியா கன்வெர்ட்டர் என்பது செம்புக் கேபிளின் சிக்னலை ஃபைபர் ஒளியாகவும், ஒளியைத் திரும்பச் சிக்னலாகவும் மாற்றும் சின்னப் பெட்டி. இரண்டு சுவிட்சும் சாதாரண வகை, உள்ளே போய் எதையும் மாற்ற முடியாது.

லாரி எடை போடும்போது எடுக்கும் படங்களும் கேட் கேமரா பதிவுகளும் ராத்திரி சர்வருக்கு நகலாகின்றன. அந்த வேகம் விநாடிக்கு 4 மெகாபைட்டைத் தாண்டுவதே இல்லை. சர்வரிலிருந்து எடைமேடைக்கு எடுத்தால் 7 வரை வருகிறது. பிங் போட்டால் 1 மில்லி விநாடிக்குள் பதில், ஒரு பாக்கெட் கூட விடுபடவில்லை. லைன் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டால், எடைமேடை கணினியில் இணைய வேகச் சோதனையை ஓட்டிக் காட்டுகிறார். எங்கள் பிளான் 30 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட், 8 பிட் ஒரு பைட்), 28 வருகிறது. "லைன் சுத்தமா இருக்கு சார், உங்க கணினியப் பாருங்க" என்று போய்விட்டார்.

பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் கேட்டில் லாரி வரிசை நிற்கும், அப்புறம் எதையும் கழற்ற முடியாது. அதற்குள் இந்த 220 மீட்டரின் வேகத்தைத் தனியாக அளக்க வேண்டும். ஐபெர்ஃப்3 என்கிறார்கள். என்ன கட்டளை, எந்த எண் வந்தால் சரி, எது வந்தால் கோளாறு?

---

தகடூரான்

இணைய வேகச் சோதனையை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது 30 எம்பிபிஎஸ் வாசலில் முட்டி நின்றுவிடும். உள்ளே உங்கள் லைன் 1000 போனாலும் சரி, 31 போனாலும் சரி, அதன் கண்ணுக்கு 28தான்.

ஃபைல் நகலும் சரியான அளவுகோல் இல்லை. டிஸ்க், ஆன்டிவைரஸ், சாம்பா (ஃபைல் பகிரும் மென்பொருள்), ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் எல்லாம் அதில் கலந்துவிடும். ஐபெர்ஃப்3 ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து இன்னொன்றின் நினைவகத்துக்கு வெறும் பைட்டுகளைத் தள்ளி எண்ணுகிறது, டிஸ்க்கைத் தொடுவதில்லை. அதனால் வரும் எண் பெரும்பாலும் லைனுக்கும் இரண்டு பக்க நெட்வொர்க் கார்டுக்கும்தான் சொந்தம்.

சர்வரில் 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபெர்ஃப்3'. நடுவில் எப்போதும் பின்னணியில் ஓடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விண்டோஸுக்கு அதை எழுதிய ஈஎஸ்நெட் குழு கோப்பு எதுவும் தருவதில்லை, மற்றவர்கள் கட்டித் தரும் ஜிப்தான் கிடைக்கும். 2016இல் வந்த 3.1.3 இன்னும் பல இடங்களில் முதலில் கண்ணில் படும், அதை எடுக்காதீர்கள். 3.17 அல்லது அதற்கு மேல் பாருங்கள். ஜிப்பைப் பிரித்ததும் சிக்வின் டிஎல்எல் கோப்பை அதே ஃபோல்டரிலேயே விட்டு வையுங்கள், வேறு இடத்துக்கு நகர்த்தினால் ஓடாது. பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று ஐபெர்ஃப் 2ஐ ஒரு பக்கம் வைத்துவிடாதீர்கள். அது 5001 போர்ட், இது 5201. ஒன்றோடொன்று பேசாது.

கட்டளைகளில் ஒற்றை எழுத்துக் குறிகள் உண்டு, ஆனால் சின்ன எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் வேறு வேறு வேலை என்பதால் குழம்பும். எனவே எல்லாவற்றையும் முழுப்பெயரில் தருகிறேன். தமிழில் எழுதியிருப்பதை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

சர்வரில்:
ஐபெர்ஃப்3 --சர்வர்

எடைமேடையில் (சர்வர் முகவரி 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம்):
ஐபெர்ஃப்3 --கிளையன்ட் 192.168.1.10 --டைம் 30 --ஓமிட் 3

இது எடைமேடையிலிருந்து சர்வருக்குத் தள்ளும். முதல் 3 விநாடியைக் கணக்கில் சேர்க்காது, டிசிபி (போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புதல் வாங்கி, விடுபட்டதை மறுபடி அனுப்பும் முறை) வேகமெடுக்கும் நேரம் அது. எதிர்த்திசைக்கு அதே வரியின் கடைசியில் --ரிவர்ஸ் சேர்த்தால் போதும், ஆட்களை இடம் மாற்ற வேண்டாம். எப்போதும் சர்வர் பாத்திரத்தை லினக்ஸுக்கே கொடுங்கள். இரண்டு திசையும் எடைமேடையிலிருந்தே தொடங்குவதால் விண்டோஸ் ஃபயர்வாலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. உபுண்டுவில் ஃபயர்வால் ஓடினால் மட்டும் 'சுடோ யுஎஃப்டபிள்யூ அலவ் 5201'. போர்ட்டோடு டிசிபி என்று சேர்த்து எழுதினால் யுடிபி (ஒப்புதல் பார்க்காமல் தள்ளிவிடும் முறை) சோதனை நின்றுவிடும், வெறும் எண்ணாகவே கொடுங்கள்.

இனி எண்கள். ஈதர்நெட்டில் 1500 பைட் பாக்கெட் ஒன்று போக, கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும் (தலைப்பு 14, சரிபார்ப்பு 4, முன்குறி 8, இடைவெளி 12). அந்த 1500க்குள் ஐபி, டிசிபி தலைப்புகள் போக 1460 பைட்தான் உங்கள் சரக்கு. ஆக 94.9 சதவீதம். லினக்ஸுக்கும் லினக்ஸுக்கும் நடுவே நேரமுத்திரைக்கு இன்னும் 12 பைட் போவதால் 94.1. எனவே:

கிகாபிட் லைன் நன்றாக இருந்தால் 941 முதல் 949 எம்பிபிஎஸ்.
100 மெகாபிட் லைன் நன்றாக இருந்தால் 94.1 முதல் 94.9.

94 வந்தால் வேகம் குறைவு என்று அலச வேண்டாம். எங்கோ ஒரு கண்ணி 100இல் நிற்கிறது என்று நேராகவே முடிவுக்கு வரலாம். கிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100க்கு 1, 2, 3, 6 எண் கம்பிகள் போதும். மீதி நாலில் ஒன்று கிரிம்பில் சரியாகப் பிடிக்காவிட்டால் கார்டு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் போட்ட மலிவு கேபிளில் இது அதிகம்.

இன்னொன்று, ஐபெர்ஃப்3 காட்டும் 'டிரான்ஸ்ஃபர்' பத்தி 1024 கணக்கு, 'பிட்ரேட்' பத்தி 1000 கணக்கு. விண்டோஸ் நகல் பெட்டியும் 1024 கணக்கே. அதனால் 94 எம்பிபிஎஸ் லைனில் நகல் 11.2 என்றும், 941இல் 112 என்றும் தெரியும். உங்கள் 4 இந்த இரண்டுக்கும் ஒட்டவில்லை. அங்கேதான் சந்தேகம்.

கடைசியாக யுடிபி:
ஐபெர்ஃப்3 --கிளையன்ட் 192.168.1.10 --யுடிபி --பிட்ரேட் 80எம் --டைம் 30

பிட்ரேட் கொடுக்க மறந்தால் யுடிபி வெறும் 1 எம்பிபிஎஸ்ஸில் ஓடி, எல்லாம் பிரமாதம் என்று காட்டும். இதையும் --ரிவர்ஸ் போட்டு ஒருமுறை. பிறகு --பிட்ரேட் 40எம் ஆக்கி, --ரிவர்ஸுக்குப் பதில் --பைடிர் போட்டு ஒருமுறை, அது ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்பும் (3.7க்கு மேல் இரண்டு பக்கமும் வேண்டும், உபுண்டு 22.04இல் 3.9 வரும்). கேமராக்களும் இதே லைனில் போவதால் வேலை இல்லாத நேரம் பார்த்து ஓட்டுங்கள். ஐந்து எண்ணையும் போடுங்கள், பார்க்கலாம்.

---

கூழ்ஆலை_கிருஷ்ணகிரி

நன்றி சார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டினேன். விண்டோஸில் 3.17.

டிசிபி, எடைமேடை → சர்வர்: 31.4 எம்பிபிஎஸ். விநாடிக்கு விநாடி 12க்கும் 48க்கும் நடுவே ஆடுகிறது.
டிசிபி, --ரிவர்ஸ்: 61.8. கடைசி வரியில் 'ரெட்ர்' (மறுஅனுப்பல் எண்ணிக்கை) 1946.
யுடிபி 80எம், எடைமேடை → சர்வர்: இழப்பு 0.02%.
யுடிபி 80எம், --ரிவர்ஸ்: இழப்பு 0%.
யுடிபி 40எம், --பைடிர்: ஒரு திசையில் 11%, மறுதிசையில் 7% இழப்பு.

சர்வரில் ஈதிடூல் (கார்டின் நிலையைக் காட்டும் கட்டளை) 1000, ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையும்) என்கிறது. எடைமேடை கார்டு 1.0 ஜிபிபிஎஸ். யுடிபி 80 சுத்தமாகப் போகிறது, டிசிபி 31இல் நிற்கிறது. இது எனக்குப் புரியவில்லை.

---

ஒசூர்_பாக்கெட்

கன்வெர்ட்டரைப் பிரிக்கும் முன் கருவியைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸில் ஐபெர்ஃப்3 சிக்வின் என்ற இடைப்பூச்சின் மேல் ஓடுகிறது. மைக்ரோசாஃப்டே 2024இல் விண்டோஸில் இதை வைத்து அளக்காதீர்கள், தங்கள் என்டிடிடிசிபி கருவியைப் பயன்படுத்துங்கள் என்று எழுதியது. இன்னொன்று, 3.16க்கு முந்திய பதிப்புகளில் --பாரலல் 4 என்று போட்டாலும் நாலு ஓடையும் ஒரே திரியில் (த்ரெட்), அதாவது செயலியின் ஒரே கோரில்தான் ஓடும். உங்கள் உபுண்டுவில் இருப்பது 3.9.

எடைமேடை கணினியிலேயே இரண்டு கறுப்புச் சன்னல் திறந்து, ஒன்றில் சர்வர், இன்னொன்றில் --கிளையன்ட் 127.0.0.1 ஓட்டுங்கள். அங்கே எத்தனை வருகிறதோ அதுதான் அந்தக் கணினியின் உச்சவரம்பு. அதுவே 300, 400 என்று திணறினால் கிகாபிட்டை அதில் அளக்கவே முடியாது. பிறகு --பாரலல் 4 போட்டுப் பாருங்கள்.

---

பாலக்கோடு_வயரிங்

ஒசூர்காரர் சொல்வது 10 கிகாபிட் ஆட்களுக்கு நூற்றுக்கு நூறு சரிங்க. ஆனா இங்க பேச்சு 31 எம்பிபிஎஸ் பத்தி. பத்து வருசப் பழைய கணினிகூட சிக்வின் மேல நின்னுக்கிட்டு 31ஐத் தாண்டிடும். அதுவும் அதே கணினி, அதே கருவி, யுடிபியில 80ஐத் தள்ளியிருக்கு. கருவி மேல பழி போட வழியில்ல.

--பாரலல் 4 இப்ப வேண்டாம். ஒரு ஓடை அடிபட்டு நிக்கும்போது மத்த மூணு இடத்தை நிரப்பும், கூட்டுத்தொகை 75, 80ன்னு வரும். பார்த்தா நல்லா இருக்கிற மாதிரி தெரியும், கோளாறு அப்படியே உள்ள இருக்கும்.

உங்க அஞ்சு எண்ணையும் சேர்த்துப் பாருங்க. யுடிபி ஒரு திசையில மட்டும் போனா இழப்பே இல்ல. ரெண்டு திசையும் ஒண்ணா போனா இழப்பு. டிசிபி எப்பவுமே ரெண்டு திசைதான், ஏன்னா சரக்கு ஒரு பக்கம் போக, 'வந்துச்சு'ங்கிற ஒப்புதல் எதிர்ப் பக்கம் வந்துக்கிட்டே இருக்கும். அப்போ எதிரெதிரா ரெண்டு பாக்கெட் ஒரே நேரத்துல ஓடினாத்தான் அடிபடுது. கேபிள் அழுக்கு, ஃபைபர் வளைவு, கனெக்டர் தூசின்னா ஒரு திசை யுடிபியிலயே இழப்பு தெரிஞ்சிருக்கும். இது டூப்ளெக்ஸ் பொருந்தாமை.

எப்படி வருதுன்னா: மலிவான மீடியா கன்வெர்ட்டர்ல பக்கவாட்டுல சின்ன டிப் சுவிட்ச் வரிசை இருக்கும். அதுல யாரோ '100, ஃபுல்'னு கட்டாயமாத் தள்ளி வச்சிருப்பாங்க. அப்படி வச்சா வேகத்தையும் டூப்ளெக்ஸையும் ஒத்துப் பேசிக்கிற பேச்சுவார்த்தைக் குறியையே கன்வெர்ட்டர் அனுப்பாது. எதிர்ல உங்க சுவிட்ச் ஆட்டோவுல இருக்கு. வர்ற சிக்னலை வச்சு வேகம் 100ன்னு அதால கண்டுபிடிக்க முடியும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. தெரியலைன்னா ஹாஃப்னு வச்சுக்கோங்கிறது தரவிதி. ஆக, கன்வெர்ட்டர் கையில டெலிபோன், சுவிட்ச் கையில வாக்கி-டாக்கி. கன்வெர்ட்டர் கேக்காமலே பேசும். சுவிட்ச் தான் அனுப்பும்போது எதிர்ல சத்தம் வந்தா மோதல்னு நினைச்சு பாக்கெட்டைப் பாதியில வெட்டிடும். 64 பைட் போன பிறகு வர்ற மோதல்ல வன்பொருள் திரும்ப அனுப்பாது, அப்படியே கைவிட்டுடும். அந்த ஓட்டையை டிசிபிதான் மறுஅனுப்பலால அடைக்கணும். நீங்க பார்த்த 1946 அதுதான். ரெண்டு திசையும் அடிபடும், ஆனா சமமா அடிபடாது, அதனாலதான் 31க்கும் 61க்கும் வித்தியாசம்.

பிங் நல்லா இருந்ததுல ஆச்சரியம் இல்ல. விநாடிக்கு ஒரு பாக்கெட் போகும், அது போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் கிளம்பும். மோதவே வாய்ப்பில்ல.

சர்வர்ல ஈதிடூல் 1000 ஃபுல் காட்டுறதும் சரிதான். அது சர்வருக்கும் 8 போர்ட் சுவிட்சுக்கும் நடுவுல உள்ள கண்ணி மட்டும். சுவிட்சுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு இந்த வகை சுவிட்ச் சொல்லாது. அதனால லேப்டாப்பை எடுத்துக்கிட்டு இப்படிப் போங்க:

லேப்டாப்பை ஆபீஸ் சுவிட்ச்ல சொருகி சர்வருக்கு ஓட்டுங்க. 940க்கு மேல வரணும். எடைமேடை சுவிட்ச்ல சொருகி எடைமேடை கணினிக்கு ஓட்டுங்க (இங்க மட்டும் விண்டோஸ் ஃபயர்வால்ல 5201ஐத் திறக்கணும்). அதுவும் 940. ரெண்டும் வந்துட்டா கோளாறு நடுவுல. இப்ப ஆபீஸ் கன்வெர்ட்டர்ல இருந்து சுவிட்சுக்குப் போற கேபிளைக் கழட்டி நேரா லேப்டாப்புல சொருகுங்க. லேப்டாப் கார்டு ஆட்டோவுல இருக்கணும். பவர்ஷெல்ல:

கெட்-நெட்அடாப்டர் | ஃபார்மட்-லிஸ்ட் நேம், லிங்க்ஸ்பீடு, ஃபுல்டூப்ளெக்ஸ்

100 எம்பிபிஎஸ், ஃபுல்டூப்ளெக்ஸ் 'ஃபால்ஸ்'னு வந்தா ஆள் பிடிபட்டாச்சு. அடுத்த முனையிலயும் இதையே செய்யுங்க, ரெண்டுமே தள்ளி வச்சிருக்க வாய்ப்பிருக்கு.

லேப்டாப்புல லேன் போர்ட் இல்லாம யுஎஸ்பி அடாப்டர் போடுறதா இருந்தா அது யுஎஸ்பி 3 போர்ட்தானான்னு பாருங்க. யுஎஸ்பி 2ல கிகாபிட் அடாப்டரைப் போட்டா 300 பக்கம் நின்னுடும், அதை வச்சு சுவிட்ச் மேல பழி போடாதீங்க.

சரிபண்ண, ரெண்டு கன்வெர்ட்டரையும் ஆட்டோவுக்குத் தள்ளி, கரண்டை எடுத்துப் போடுங்க. பல மாடல்கள் டிப் நிலையை ஆன் ஆகும்போது மட்டுந்தான் படிக்கும். கணினி கார்டுல போய் '100 ஃபுல்'னு மாத்துறது வேண்டாம். கணினி நேரா கன்வெர்ட்டரோட பேசலை, நடுவுல சுவிட்ச் இருக்கு. அங்க மாத்தினா இன்னொரு கண்ணியும் கெடும்.

---

கூழ்ஆலை_கிருஷ்ணகிரி

பிடிபட்டது அண்ணே. ஆபீஸ் சுவிட்சில் லேப்டாப் → சர்வர் 948. எடைமேடை சுவிட்சில் லேப்டாப் → கணினி 946. லேப்டாப்பை நேராக ஆபீஸ் கன்வெர்ட்டரில் சொருகியதும் 100 எம்பிபிஎஸ், 'ஃபால்ஸ்'. எடைமேடைப் பக்கம் 'ட்ரூ', அது ஆட்டோவிலேயே இருந்திருக்கிறது. ஆபீஸ் கன்வெர்ட்டரில் முதல் டிப் மட்டும் கீழே தள்ளியிருந்தது. மேலே தள்ளி, அடாப்டரைப் பிடுங்கிப் போட்ட பிறகு:

டிசிபி இரண்டு திசையும் 94.9. 'ரெட்ர்' 0.
யுடிபி --பைடிர் 40எம்: இரண்டு பக்கமும் இழப்பு 0%.
ஃபைல் நகல் 11.2 மெகாபைட்.

தகடூரான் சார் சொன்ன எண் புள்ளி பிசகாமல் வந்துவிட்டது. 94இல் நிற்பதால் கன்வெர்ட்டர்களே 100 மெகாபிட் வகை என்றும் தெரிந்துவிட்டது. பில்லில் 'கிகாபிட் லிங்க்' என்று இருக்கிறது, அது தனிப் பஞ்சாயத்து.

இன்னும் ஒன்று. தர்மபுரியில் எங்கள் கிளை ஆபீஸ் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஃபைபர் இணையம், நடுவே வயர்கார்டு விபிஎன் (இணையம் வழியே இரு ஆபீசையும் தனிக் குழாய்போல இணைப்பது). ஆலையில் 30 எம்பிபிஎஸ், கிளையில் 100. அங்கிருந்து சர்வருக்கு ஃபைல் வர நேரமாகிறது. அதையும் இதே கட்டளைகளால் அளக்கலாமா?

---

தகடூரான்

அளக்கலாம், ஆனால் எண்ணை வேறு கணக்கில் படிக்க வேண்டும். உள் லைனில் தூரம் பெரிதாக ஒன்றும் செய்யாது. இங்கே போய்வரும் நேரம்தான் முக்கியம். கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் சாலையில் 50 கிலோமீட்டர்தான் என்றாலும், இரண்டு பக்கமும் வேறு வேறு இணைய நிறுவனம் என்றால் பாக்கெட் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த் திரும்பக்கூடும். முதலில் விபிஎன் முகவரிக்குப் பிங் போட்டு அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

30 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒப்புதல் வரும் வரை பறந்துகொண்டிருக்க வேண்டிய சரக்கு = வேகம் × நேரம். 30 எம்பிபிஎஸ்ஸுக்கு 30,000,000 × 0.03 ÷ 8, அதாவது சுமார் 112 கிலோபைட். பெறும் பக்கம் 64 கிலோபைட் சன்னலோடு (ஒப்புதலுக்கு முன் வாங்கிக்கொள்ளும் அளவு) நின்றால், லைன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 17.5 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. இப்போதைய விண்டோஸும் லினக்ஸும் சன்னலைத் தாமே பெரிதாக்கிக்கொள்ளும். அதனால் --விண்டோ கொடுக்காமல் ஒருமுறை ஓட்டி, பிறகு --விண்டோ 512கே கொடுத்து ஒப்பிடுங்கள். எண் ஏறினால் தானியங்கி எங்கோ முடங்கியிருக்கிறது. ஏறாவிட்டால் அதை விட்டுவிடுங்கள். உள் லைனில் இந்தக் குறியைத் தொடவே வேண்டாம். அரை மில்லி விநாடிக்கு கிகாபிட்டுக்கே 62 கிலோபைட் போதும், கைவைத்தால் கெடுக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஒசூர்காரர் சொன்ன --பாரலல் 4 இங்கேதான் பயன்படும். ஒரு ஓடையில் 12 வந்து, நாலு ஓடையில் 27 வந்தால் லைனில் இடம் இருக்கிறது, ஒற்றை டிசிபியால் அதை நிரப்ப முடியவில்லை என்று பொருள். நாலிலும் 12 என்றால் குழாயே அவ்வளவுதான்.

கிளையில் 100 இருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கிளையிலிருந்து வரும்போது கிளையின் அப்லோடும் ஆலையின் டவுன்லோடும்தான் கணக்கு, இரண்டில் சிறியது வாசல். ஆலையில் 30 என்பதால் விபிஎன்னின் மேல்சுமையும் போக 27, 28க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். --டைம் 60, --ஓமிட் 5 கொடுங்கள், தூர லைனில் டிசிபி மெதுவாகத்தான் ஏறும். காலை ஒன்று, இரவு 8 மணிக்கு மேல் ஒன்று ஓட்டுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அது இணைய நிறுவனத்தின் நெரிசல், உங்கள் கையில் இல்லை.

ஒரு தனிக் கோளாறு இங்கே வரும். பிங் போகிறது, ஐபெர்ஃப்3 'கனெக்டட்' என்று காட்டுகிறது, அப்புறம் வரிக்கு வரி 0.00 என்று நிற்கிறது. வயர்கார்டு இயல்பாக 1420 எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட்) வைத்துக்கொள்ளும். வழியில் ஏதோ ஒரு இடம் அதையும் விடச் சிறியதாக இருந்து, அறிவிப்பும் வராமல் போனால் பெரிய பாக்கெட் எல்லாம் குழியில் விழும். பாக்கெட்டில் போகும் சரக்கைச் சிறிதாக்க --செட்-எம்எஸ்எஸ் 1200 சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அப்போது ஓடினால் வயர்கார்டு கோப்பில் எம்டியுவை 1380, 1340 என்று படிப்படியாக இறக்கினால் தீரும்.

5201ஐ இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், விபிஎன் முகவரியில் மட்டும் ஓட்டுங்கள். சர்வர் பக்கம் --ஒன்-ஆஃப் சேர்த்தால் ஒரு சோதனை முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும். அந்தச் சர்வர் ஒரு நேரத்தில் ஒரு சோதனையைத்தான் ஏற்கும். 'சர்வர் பிஸி' என்று வந்தால் யாரோ வேறு சன்னலில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், லைன் கோளாறு இல்லை.

---

ஒசூர்_பாக்கெட்

பாலக்கோட்டு அண்ணன் கணக்கு சரி, 31க்கு சிக்வினைக் குறை சொன்னது அவசரம். ஆனால் கிகாபிட் கன்வெர்ட்டர் மாற்றிய பிறகு 700, 800 என்று ஒரு திசையில் மட்டும் வந்தால் என் பேச்சை மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்போது உபுண்டு லைவ் யுஎஸ்பியில் எடைமேடை கணினியை ஏற்றி அளந்தால் விண்டோஸா, லைனா என்று தெரிந்துவிடும்.

---

பாலக்கோடு_வயரிங்

கன்வெர்ட்டர் மாத்துறதா இருந்தா சில விஷயம்.

ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்தணும். 100 வகையும் கிகாபிட் வகையும் ஃபைபர்ல ஒண்ணையொண்ணு பார்த்து லிங்க் ஆகாது, காப்பர் மாதிரி இறங்கி வராது. ஒத்தை ஃபைபர்ல ரெண்டு திசையும் போற வகைன்னா ஏ, பி ஜோடியா வாங்குங்க. ஒண்ணு 1310ல அனுப்பி 1550ல வாங்கும், இன்னொண்ணு தலைகீழ். கடைக்காரர் ரெண்டு ஏ கொடுத்துட்டா லிங்க் விளக்கு எரியவே எரியாது.

பழைய கன்வெர்ட்டர்ல கனெக்டர் நிறத்தைப் பாருங்க. நீலம்னா யுபிசி, பச்சைன்னா ஏபிசி. ஏபிசியோட முனை 8 டிகிரி சாய்வா தேய்ச்சிருக்கும். பச்சையை நீலப் போர்ட்ல அழுத்தினா நுழையும், ஆனா வெளிச்சம் கசியும், முனையும் கீறும். ஃபைபர் சிங்கிள் மோடா மல்டி மோடான்னு கேபிள் உறையில அச்சடிச்சிருக்கும், அதைப் படிச்சுட்டு அதுக்கான கன்வெர்ட்டர் வாங்குங்க. 220 மீட்டருக்கு 20 கிலோமீட்டர்னு எழுதின சாதாரண சிங்கிள் மோடே போதும். 80 கிலோமீட்டர் வகையை வாங்கிடாதீங்க, இவ்வளவு கிட்டத்துல அதோட ஒளி எதிர்ப் பக்கத்து வாங்கியைத் திணற வைக்கும்.

மாட்டினதும் டிப் எல்லாம் ஆட்டோவுல இருக்கான்னு பார்த்துட்டு, அப்புறம் ஐபெர்ஃப்3ஐ ரெண்டு திசையும் 60 விநாடி ஓட்டுங்க. 94ஏ திரும்ப வந்தா கன்வெர்ட்டருக்கும் சுவிட்சுக்கும் நடுவுல இருக்கிற அந்த அரை மீட்டர் பேட்ச் கேபிளை மாத்திப் பாருங்க. 100 ஓடின இடத்துல நாலாவது ஜோடி செத்திருந்தாலும் இத்தனை நாள் யாருக்கும் தெரிஞ்சிருக்காது.